நம்பாதவரைத் தேட நேரமுண்டு, ஈப்போ குழந்தையைத் தேட இல்லை: துணை அமைச்சரின் மக்களவைப் பேச்சுக்குக் கண்டனம்

ஹுத்தான் மெலிந்தாங், 26 நவம்பர் 2017

கடந்த வியாழக்கிழமை, நவம்பர் 23ஆம் நாள், பிரதமர் துறைத் துணை அமைச்சர் டத்தோ டாக்டர் அஷ்ராஃப் வாஜ்டி டுசுக்கி மக்களவையில் பேசியதை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. இந்நாட்டில் சமயச் சுதந்திரம் உண்டு, ஆனால் சமயமே வேண்டாம் என்பதற்குச் சுதந்திரம் இல்லை என்றார் அவர். கடவுள் மறுப்பு அரசமைப்புச் சட்டத்துக்கும் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவுக்கும் முரணானதாம். அதைப் பரப்புகிறவர்கள் மீது 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம் பாயலாமாம்.

இது திடீரென்று வந்த பேச்சும் இல்லை. ஆகஸ்டு மாதம் கோலாலம்பூரில் கடவுள் மறுப்பாளர் சிலர் ஒன்றாகக் கூடிச் சிரித்தபடி எடுத்துக்கொண்ட படம் பேஸ்புக்கில் வந்தது. அதில் முஸ்லிம்கள் இருந்தார்களா என்று விசாரிக்கப்போவதாகச் சொன்னவர் இதே துணை அமைச்சர். பிரதமர் துறை அமைச்சர் டத்தோ ஸ்ரீ ஷாஹிடான் காசிம் ஒருபடி மேலே போனார். நாத்திகர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவர்களை அடையாளம் காட்டப் பொதுமக்கள் உதவ வேண்டும் என்று ஆகஸ்டு 8ஆம் நாள் கேட்டுக்கொண்டார். கொள்ளைக்காரனைப் பிடிக்கப் பொதுமக்களிடம் உதவி கேட்பது வழக்கம். சிரித்துக்கொண்டு படம் எடுத்தவர்களைப் பிடிக்கவுமா?

"அது முஸ்லிம்கள் வீட்டு விவகாரம், நமக்கு எதுக்கு?" என்று அப்போது எங்கள் வட்டாரத்தில் ஒதுங்கிப்போனவர்கள் உண்டு. இந்த நவம்பர் பேச்சில் அப்படி ஒதுங்க இடமில்லை. தமிழரோ சீனரோ கடசானோ, கடவுளை நம்பாத எந்தக் குடிமகனும் அரசமைப்புக்கு விரோதி என்றே அது சொல்கிறது. ஆகஸ்டில் மிரட்டப்பட்டவர்களுக்காகவும் சேர்த்தே நாங்கள் இப்போது பேசுகிறோம்.

துணை அமைச்சர் சொல்வது அரசமைப்பில் எங்கே இருக்கிறது? பிரிவு 11 ஒருவர் தம் சமயத்தைக் கடைப்பிடிக்க உரிமை தருகிறது. ஏதாவது ஒன்றைக் கடைப்பிடித்தே தீர வேண்டும் என்று எந்தப் பிரிவும் கட்டளையிடவில்லை. அவர் பதவியேற்றபோது வாசித்த உறுதிமொழி ஆறாவது அட்டவணையில் இருக்கிறது. சத்தியம் செய்வதற்குப் பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள், உறுதி கூறுவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வாசகத்தில் கடவுளின் பெயரே கிடையாது. அரசமைப்பைக் காப்பேன் என்று அவர் உறுதி கொடுத்ததும் அதே வாசகத்தில்தான். சமயமற்றவர்கள் இந்நாட்டில் இருக்கக் கூடாது என்றால், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 0.7 பேர் என்று எண்ணிப் போட்ட அரசாங்கம் எது?

ருக்குன் நெகாரா 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்டு 31இல் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் முதல் கோட்பாடு இறை நம்பிக்கை. பள்ளிச் சபைகூடலில் எல்லாப் பிள்ளைகளோடும் நாத்திகர் வீட்டுப் பிள்ளைகளும்தான் அதைச் சொல்கிறார்கள். அதை யாரும் சண்டையாக்கியதில்லை. ஆனால் அது சட்டம் ஆகாது. அதை அரசமைப்பின் முகவுரையாகச் சேர்க்க வேண்டும் என்று இவ்வாண்டு தொடக்கத்தில் ஓர் இயக்கமே கிளம்பியது. ஏற்கெனவே சட்டமாக இருந்தால் அந்த இயக்கத்துக்கு என்ன வேலை? தவிர, அதே ருக்குன் நெகாராவின் மூன்றாவது கோட்பாடு அரசமைப்பின் மேன்மை. துணை அமைச்சர் முதல் வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார் போலும்.

நாட்டின் சமயச் சார்பின்மை பற்றி நீண்ட பாடம் நடத்த நாங்கள் விரும்பவில்லை. 1957 அரசமைப்பு வெள்ளை அறிக்கை அதை ஒப்புக்கொண்டது. 1983இல் தம் 80ஆவது பிறந்தநாளில் முதல் பிரதமர் துங்கு அதை வலியுறுத்தினார். 1988இல் சே ஒமார் வழக்கில் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ், நடப்பில் உள்ள சட்டம் சமயச் சார்பற்றதே என்று தீர்ப்பு எழுதினார். 2001 செப்டம்பரில் மலேசியா இஸ்லாமிய நாடு என்று மேடையில் அறிவித்தவர் அன்றைய பிரதமர் துன் மகாதீர். அவர் இன்று எதிர்க்கட்சிக் கூட்டணிக்குத் தலைவர். ஆகவே இந்தக் கண்டனம் ஆளுங்கட்சிக்கு மட்டும் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

நாங்கள் பேராக்காரர்கள். சமயத்தை அரசு கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு எந்த நூலும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈப்போவில் பாலர்பள்ளி ஆசிரியையான இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளும் 2009இல் தாய்க்குத் தெரியாமல் தகப்பனால் இஸ்லாத்துக்கு மதம் மாற்றப்பட்டார்கள். பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தகப்பன் தூக்கிக்கொண்டு போனான். 2010இல் மூவரையும் வளர்க்கும் உரிமையை உயர் நீதிமன்றம் தாய்க்கே கொடுத்தது. 2013இல் அந்த மதமாற்றம் செல்லாது என்று ஈப்போ உயர் நீதிமன்றம் சொன்னது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. கூட்டரசு நீதிமன்றத்தில் வாதம் முடிந்து ஓராண்டு ஆகிறது, தீர்ப்பு இன்னும் வரவில்லை. குழந்தையை ஒப்படைக்காத தகப்பனைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி 2016 ஏப்ரலில் அதே நீதிமன்றம் காவல்துறைத் தலைவருக்கு உத்தரவிட்டது. அவன் இன்னும் அகப்படவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது.

நீதிமன்றம் பெயர் சொல்லித் தேடச் சொன்ன ஒருவனைக் கண்டுபிடிக்க முடியாத அரசாங்கம், யார் மனத்தில் கடவுள் இல்லை என்று கண்டுபிடிக்கக் கிளம்புகிறது. இதை எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமே கேட்கிறோம். பாகான் டத்தோ மக்கள் தேர்ந்தெடுத்தவர்தான் துணைப் பிரதமர், அவரே உள்துறை அமைச்சர், காவல்துறையும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. டத்தோ ஸ்ரீ அமாட் ஸாஹிட் ஹமிடி தம் வாக்காளர்களுக்கு இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

எங்கள் செயற்குழுவில் எல்லாரும் நாத்திகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பல காலம் பொருளாளராக இருந்தவரும் இதில் கையெழுத்திடுகிறார். அவருக்குக் காரணம் இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, பால்மரமும் லயமும் போன பிறகு, பட்டா இல்லாமல் நிற்கும் கோயில்களை எது காப்பாற்றும்? 2007இல் தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இந்தியர் உரிமை கோரிய ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. நேற்றோடு அதற்குப் பத்து ஆண்டு. எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாத அரசைத்தான் கோயிலைக் கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் ஒன்றாகக் கேட்க முடியும்.

இந்த மண்ணுக்கு நாத்திகம் புதுச் சரக்கும் இல்லை. 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார், ஈப்போவில் தமிழர் மாநாட்டில் பேசினார். அவசரகாலம் நடந்துகொண்டிருந்த 1954 டிசம்பரில் மறுபடி வந்தார். தேச நிந்தனைச் சட்டத்தைப் போட்ட பிரிட்டிஷ்காரனே அவரை மேடையேற விட்டான். அந்தப் பேச்சுகளைக் கேட்டு ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று செம்பனைத் தோட்டங்களிலும் ஈப்போ அலுவலகங்களிலும் வேலை செய்து வரி கட்டுகிறார்கள். 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள, முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டமும் பதிவதிகாரி முன் நிற்கிறவர்களிடம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்பதில்லை.

நம் தலைவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. தேர்தல் நெருங்கும்போது கோயில் கமிட்டிகளுக்குக் காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஓடி வருகிறவர்கள், சமயச் சார்பின்மையைக் குலைக்கும் பேச்சு மக்களவையில் ஒலிக்கும்போது இருக்கையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? சில கோயில் மேடைகளில் "நாத்திகனுக்கு நல்லா வேணும்" என்று கைதட்டுவதும் எங்கள் காதுக்கு வருகிறது. கைதட்டியவர்கள் அடுத்த சுற்றில் தங்கள் பெயர் வராது என்று யாரிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

துணை அமைச்சர் தம் பேச்சை மக்களவையிலேயே மீட்டுக்கொள்ள வேண்டும். நம்பிக்கையின்மைக்காக எவர் மீதும் தேச நிந்தனைச் சட்டம் பாயாது என்று உள்துறை அமைச்சர் எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். ஈப்போ வழக்கின் கைது ஆணையைக் காவல்துறை நிறைவேற்ற வேண்டும். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கூட்டணியில் இருந்தாலும், நடப்புக் கூட்டத்தொடர் முடிவதற்குள் இதைப் பற்றி அவையில் எழுந்து பேச வேண்டும். பேசாதவர்கள் 14ஆவது பொதுத் தேர்தலுக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இவ்வறிக்கையின் தேசியமொழிப் படி பாகான் டத்தோ நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் நாளை நேரில் ஒப்படைக்கப்படும்.

இவண்,
செயற்குழு
ஹுத்தான் மெலிந்தாங், பேராக்