காலு வேணும், மூளை வேணாமாம்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வருகிற தம்பி ஒருவன் போன மாசம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தமிழ் எம்.ஏ. முடித்தவன். முனைவர் பட்டத்துக்குச் சேனாவரையர் உரையின் தருக்க முறையை ஆய்வு செய்யணும்னு ரெண்டு வருசமா படிச்சிக்கிட்டு இருக்கான். நெறியாளர் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "இந்தக் கஷ்டமெல்லாம் ஒனக்கு எதுக்குப்பா? ஒங்க ஊர்ல பறையடிப்பாங்கல்ல, அத எடு. சீக்கிரம் முடிச்சிரலாம். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பறையை எடுத்தால் கேவலம் என்று அவனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பறையைத் தோளில் ஏற்றி நடுத்தெருவில் அடித்து ஆடியவர்கள்தான் நாங்கள். எதை ஆய்வு செய்யணும் என்பதை அவன் முகத்தைப் பார்த்து இன்னொருத்தர் முடிவு செய்தாரே, அதுதான் உறுத்தியது. அதிலும் அந்த "ஒன் நல்லதுக்கு". இதே பேச்சை வேறொரு நாட்டில், ஒரு விளையாட்டு மைதானத்தில் கேட்டு, முடியாது போய்யா என்று சொன்ன ஒருவரைப் பற்றி அன்று ராத்திரி அவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். வாரன் மூன் என்று பேர்.

"யாருண்ணே அது?" என்றான். தெரியாதது அவன் தப்பில்லை. 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் சிறுத்தைகள் இயக்கம் கட்டியபோது பேரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து வாங்கினார்கள். ஆனாலும் கறுப்பர் என்றால் நமக்கு கிங், மால்கம் எக்ஸ், முகமது அலி. அத்தோடு சரக்கு தீர்ந்துவிடும்.

மொதல்ல அந்த ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து என்று பேர், ஆனால் பந்தைக் காலால் உதைப்பது அதில் கொஞ்சம்தான். கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும், எறிவதும், முட்டித் தள்ளுவதும்தான் ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறணும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு திட்டம். நடுவில் குனிந்து நிற்பவன் கவட்டு வழியாகப் பந்தைப் பின்னால் கொடுக்க, அதை வாங்குகிறவன்தான் குவார்ட்டர்பேக். எதிரணி நிற்கிற நிலையைக் கண் மூடித் திறப்பதற்குள் படித்து, வேண்டுமானால் திட்டத்தை அங்கேயே மாற்றிச் சத்தம் போட்டுச் சொல்லி, மலை மாதிரி ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள் பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்யணும். மற்ற பத்துப் பேரும் அவன் சொன்னபடிதான் ஆடணும். அந்தப் பத்துப் பேரில் வெள்ளையனும் இருப்பான். சிக்கலே அங்கதான்.

கறுப்பர்களை இந்த ஆட்டத்தில் சேர்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1920இலேயே பிரிட்ஸ் போலர்டு அக்ரன் அணிக்கு ஆடினார். அப்புறம் 1934 முதல் 1945 வரை என்.எப்.எல். என்கிற அந்தத் தொழில்முறை அமைப்பில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. சட்டம் எழுதி வைக்கவில்லை. சும்மா வெளியே வைத்தார்கள், அவ்வளவுதான். எழுதாத சட்டம் எப்படி வேலை செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1946இல் கதவு திறந்தது. உள்ளே போனவர்களுக்கு உள்ளே இன்னொரு கதவு இருந்தது. ஓடுகிற இடம், பந்தைப் பிடிக்கிற இடம், தாக்குகிற இடம் எல்லாம் உனக்கு. நடுவில் நின்று யோசித்துக் கட்டளை இடுகிற இடம் எங்களுக்கு. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இதை அடுக்கி வைத்தல் என்ற பொருளில் ஒரு பேர் வைத்துப் பின்னாளில் எண்ணிக் காட்டினார்கள். தீண்டாமை அங்கே ஊருக்கும் சேரிக்கும் நடுவில் மட்டும் இல்லை, ஒரே அணிக்குள் காலுக்கும் மூளைக்கும் நடுவிலும் கோடு கிழித்து வைத்திருந்தது.

1968இல் டென்வர் அணியில் மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பு இளைஞருக்குக் குவார்ட்டர்பேக் இடம் கிடைத்தது. அந்த ஒரு பருவத்தில் 14 டச்டவுன் எறிந்தார். டச்டவுன் என்றால் எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது. அடுத்த வருசம் அந்த இடத்துக்கு அவரைப் போட்டியிடக்கூட விடவில்லை. பப்பலோ அணிக்குப் போய்ப் பந்து பிடிக்கிறவராக மாறினார், அதிலும் சிறந்தவர்களில் ஒருவராக வந்தார். 1972இல் ஒரு ஆட்டத்திலும் தோற்காத மயாமி அணியிலும் இருந்தார். குவார்ட்டர்பேக்காக மட்டும் மறுபடி ஆகவே இல்லை. அவர் மாறியது தப்பு என்று சொல்ல எனக்கு அருகதை கிடையாது. வயிறு இருக்கிறது.

வாரன் மூன் 1956இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். ஏழு வயதில் அப்பா போய்விட்டார். ஆறு சகோதரிகளுக்கு நடுவில் ஒரே பையன், அம்மா செவிலியர். சமைக்க, தைக்க, துணி தேய்க்கக் கற்றுக்கொண்டு வளர்ந்தார். வீட்டுக்காக வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் பள்ளியில் ஒரே ஒரு விளையாட்டுத்தான் ஆட முடியும், அதில் குவார்ட்டர்பேக்தான் ஆடுவேன் என்று தீர்மானித்தார். பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன, வேறு இடத்துக்கு மாறினால் சேர்த்துக்கொள்கிறோம் என்று. மாட்டேன் என்று உள்ளூர் சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஒரு வருசம் ஆடிக் காட்டிவிட்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சொந்த மைதானத்தில் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் என்கிற பெரிய ஆட்டத்தில் மிச்சிகனை 27-20 என்று ஜெயித்தபோது ஆட்ட நாயகன் அவர்தான். ஊளை நின்றது.

இதற்கப்புறம்தான் தோழர்களே கவனிக்கணும். தொழில்முறை அணிகள் வருசா வருசம் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள், டிராப்ட் என்று பேர். 1978இல் 28 அணிகள், 12 சுற்று. முந்நூறு பேருக்கு மேல் எடுத்தார்கள். ரோஸ் பவுல் நாயகன் அதில் இல்லை. குவார்ட்டர்பேக்காக எவனும் எடுக்கமாட்டான் என்று முன்பே தெரிந்துபோய், டிராப்டுக்குச் சில வாரம் முன்னாலேயே கனடாவில் எட்மண்டன் அணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இடம் மாறச் சம்மதித்திருந்தால் சொந்த நாட்டிலேயே ஆடியிருக்கலாம். "மொதல்ல உள்ள போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற யோசனை அவருக்கும் தோன்றியிருக்கும். போகவில்லை.

எட்மண்டனில் 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து முறை கிரே கோப்பை. 1982இல் ஒரே பருவத்தில் 5,000 கஜம் எறிந்த முதல் தொழில்முறை குவார்ட்டர்பேக் ஆனார். 1983இல் 5,648. குளிரில் எறிந்த பந்தெல்லாம் எல்லை தாண்டிக் கேட்டது போலும். ஆறு வருசம் கழித்து, வேண்டாம் என்ற அதே அமைப்பின் அணிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. 1984இல் ஹூஸ்டன் ஆய்லர்ஸ் வாங்கியது. ஆறு வருசத்தில் அவர் மூளை வளர்ந்துவிட்டதா, இவர்கள் கண் தெளிந்துவிட்டதா? ரெண்டும் இல்லை. சந்தைக்குச் சரக்கு தேவைப்பட்டது.

அதே 1978 டிராப்டில் டக் வில்லியம்ஸ் என்ற கறுப்புக் குவார்ட்டர்பேக்கை டாம்பா பே அணி முதல் சுற்றிலேயே, 17ஆவது ஆளாக எடுத்தது. அப்ப இனவெறி இல்லைன்னு சொல்லலாமே என்று ஒரு தோழர் கேட்டார். எடுத்தார்கள், சம்பளத்தை மட்டும் வேறு அணிகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் பலரைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். வெறுத்துப்போய் வெளியேறினார். 1988 ஜனவரி 31 அன்று வாஷிங்டன் அணிக்காகச் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் ஒரே கால்பகுதியில் நாலு டச்டவுன் எறிந்து, டென்வரை 42-10 என்று சாய்த்து, ஆட்ட நாயகன் ஆனார். அந்த ஒரு சாயங்காலம் ஆயிரம் துண்டறிக்கைக்குச் சமம்.

மூன் சூப்பர் பவுலுக்குப் போகவே இல்லை. ஹூஸ்டனில் முதல் பருவம் 3 வெற்றி, 13 தோல்வி. அரங்கில் அவர் மனைவி மக்கள் காதுபடவே இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். 1990 டிசம்பரில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 527 கஜம் எறிந்தார். 1993 ஜனவரியில் பப்பலோவுக்கு எதிராக 35-3 என்று முன்னணியில் இருந்து 41-38 என்று தோற்றது அவர் அணி. முதல் பாதியில் நாலு டச்டவுன் எறிந்தவர் அவர். பின்பாதியில் தடுப்பு வரிசை ஓட்டையாகப் போனது. ஆனாலும் அந்தத் தோல்வி இன்றைக்கும் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக் குவார்ட்டர்பேக் தோற்றால் அவன் தோற்றான். கறுப்பன் தோற்றால் "நாங்க அப்பவே சொன்னோம்ல". 2006இல் என்.எப்.எல். புகழ் அரங்கில் இடம்பெற்ற முதல் கறுப்புக் குவார்ட்டர்பேக் ஆனபோது அந்தப் பாரத்தைப் பற்றித்தான் மூன் பேசினார். ஒவ்வொரு ஆட்டமும் தனக்காக மட்டும் ஆடவில்லை, தன் இனம் முழுவதையும் தோளில் வைத்து ஆடினேன் என்ற பொருளில். வகுப்பில் ஒரே ஒரு தலித் மாணவனாக உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தவர்களுக்கு இது புரியும்.

44 வயதில்தான் ஓய்வு பெற்றார். என்.எப்.எல்.லில் மட்டும் 49,325 கஜம். கனடாவையும் சேர்த்தால் எழுபதாயிரத்துக்கு மேல். கனடாவில் தின்ற ஆறு வருசத்தைச் சொந்த நாட்டுக் கணக்கில் யார் சேர்ப்பது?

இவருக்கு மாலை போட்டு ஊர்வலம் விட நான் வரவில்லை. 1995இல் மனைவியைத் தாக்கியதாகக் கைதானார். 1996இல் மனைவியே அவர் பக்கம் சாட்சி சொல்ல, நடுவர் குழு விடுவித்தது. இதை விட்டுவிட்டு எழுதினால் எப்படி என்று எங்கள் பெண் தோழர்கள் கேட்டார்கள், கேட்டது சரி. மைதானத்தில் ஒடுக்கப்பட்டவன் வீட்டில் என்னவாக இருக்கிறான் என்ற கேள்வியை நாம் நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். பல்வங்கர் பாலு, சமார் சாதி. புனாவில் வெள்ளையனுக்கும் இந்துவுக்கும் பந்து வீசினார். அவர் பந்தைத் தொடலாம். தேநீர் மட்டும் வெளியே, தனி மண் குவளையில். இந்துக்கள் அணிக்கு விக்கெட் எடுத்துக் கொடுத்தவரைத் தலைவர் ஆக்க மனம் வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. கை வேணும், தலைமை வேணாம். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வாத்தியாரிடம் படித்திருப்பான்கள் போல.

இப்ப எல்லாம் மாறிப்போச்சே என்பார்கள். 2023 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் முதல் முறையாக ரெண்டு அணிக்கும் கறுப்புக் குவார்ட்டர்பேக்குகள், பேட்ரிக் மகோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ். உண்மைதான், மகிழ்ச்சிதான். அதற்கு ஐந்தே வருசம் முன்னால், 2018இல், லமார் ஜாக்சனைப் பார்த்து, நீ பந்து பிடிக்கப் போ என்று பழைய நிர்வாகி ஒருவர் பகிரங்கமாக யோசனை சொன்னார். நாற்பது வருசத்துக்குப் பின்னும் அதே "ஒன் நல்லதுக்கு". ஜாக்சன் மறுத்தார். 2019இல் ஒரு ஓட்டுக்கூடச் சிதறாமல் அமைப்பின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். கோலின் கேப்பர்னிக் கதையும் இருக்கிறது. போலீஸ் கறுப்பர்களைக் கொல்வதை எதிர்த்து 2016இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். 2017க்குப் பிறகு எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. குவார்ட்டர்பேக் யோசிக்கலாம், பந்தைப் பற்றி மட்டும்.

என்னை உலுக்கியது இன்னொன்று. தலையில் அடிபட்டு அடிபட்டு மூளை சேதமான பழைய ஆட்டக்காரர்களுக்கு நட்டஈடு கொடுக்க நீதிமன்றத்தில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. ஒருவருக்கு எவ்வளவு அறிவுத்திறன் குறைந்தது என்று மருத்துவர்கள் அளக்கணும். அளக்கும்போது கறுப்பருக்கு ஒரு அளவுகோல், வெள்ளையருக்கு ஒரு அளவுகோல். கறுப்பர் ஆரம்பத்திலேயே கொஞ்சம் குறைந்த அறிவோடுதான் இருந்திருப்பார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அப்புறம் குறைந்தது எப்படித் தெரியும்? நட்டஈடு மறுக்கப்பட்டது. ரெண்டு கறுப்பு ஆட்டக்காரர்கள் 2020இல் வழக்குப் போட்ட பிறகு, 2021இல்தான் இந்த முறையைக் கைவிடுவதாக என்.எப்.எல். ஒப்புக்கொண்டது. மூன் புகழ் அரங்கில் ஏறி 15 வருசம் கழித்து! மேலே ஒருவருக்குச் சிலை, கீழே இந்தக் கணக்குப் புத்தகம். ரெண்டும் ஒரே அலுவலகம்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி முடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்:

"அவருக்கு எட்மண்டன் இருந்துச்சு, போனாரு. எனக்கு எட்மண்டன் எங்கண்ணே இருக்கு?"

சட்டென்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வேறு பல்கலைக்கழகத்தில் இலக்கணம் தெரிந்த நம்மாள் பேராசிரியர் யாராவது இருக்கிறார்களா என்று மறுநாளிலிருந்து ஆளுக்கொரு பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள், அவரிடம் இடம் காலி இல்லையாம். இன்னொருவர் ஓய்வு பெற இருக்கிறார். தெரிந்த தோழர்கள் எழுதுங்கள். விண்ணப்பத்துக்கு வியாழக்கிழமை கடைசி நாள். மற்றதெல்லாம் நிரப்பிவிட்டான். தலைப்பு எழுதுகிற இடத்தை மட்டும் காலியாக வைத்திருக்கிறான்.