வாடகைக்கு வரி, உரிமைக்குப் பூட்டு

யாழ்ப்பாணத்திலே ஒரே ஒழுங்கையில் மூன்று வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் மாதம் 50,000 ரூபா வாடகைக்கு நெடுங்காலமாக விடப்பட்டுள்ளது. முதல் வீட்டின் சொந்தக்காரர் இந்நாட்டிலேயே வசிக்கிறார். இரண்டாமவர் இலண்டனில் வசித்தாலும் இலங்கைப் பிரசை. மூன்றாமவர் 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் கொடுமையில் உடுத்த துணியோடு கொழும்பை விட்டு ஓடி, கனடாவில் அடைக்கலம் பெற்று, காலப்போக்கில் அந்நாட்டுப் பிரசையானவர். இலங்கையில் மூவருக்கும் வேறு வருமானம் இல்லை.

ஆண்டு வாடகை 600,000 ரூபா. 2025 ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம் தனியாள் வரிக்கழிவு 1,800,000 ரூபாவாக உயர்த்தப்பட்டிருப்பதால் முதலிருவரும் ஒரு சதமும் வரி செலுத்த வேண்டியதில்லை. மூன்றாமவருக்கோ அக்கழிவு கிடையாது. அவருடைய முதல் ரூபாவிலிருந்தே நூற்றுக்கு ஆறு வீதம் அறவிடப்படும். வேறு கழிவுகளை ஒருபுறம் வைத்துப் பார்த்தால் அவர் ஆண்டுக்கு 36,000 ரூபா இறுக்க வேண்டும். ஒரே ஒழுங்கை, ஒரே வாடகை, ஒரே சோலைவரி. வருமான வரி மட்டும் வேறு! இஃது எந்த ஊர் நியாயம் என்று நாம் வினவுகிறோம்.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இந்தக் கழிவை இருவகையினருக்கே அளிக்கிறது. ஒருவர் இந்நாட்டில் வதிபவராயிருத்தல் வேண்டும். அன்றேல் வெளிநாட்டில் வதியும் இலங்கைப் பிரசையாயிருத்தல் வேண்டும். வதிபவர் ஆவதற்கு 183 நாட்கள் இங்கே தங்க வேண்டும். ரொறன்ரோவிலே தொழிற்சாலையில் உழைக்கும் ஒருவர் அரையாண்டு இங்கே வந்து தங்குவது எங்ஙனம்?

இனி, பிரசாவுரிமை என்ற சொல்லைக் கேட்டவுடனே தமிழ் மக்களின் நெஞ்சில் எழும் நினைவு யாது? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டமன்றோ! மலைநாட்டிலே தேயிலை வளர்த்த இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கியது அச்சட்டம். அதன் விளைவாகவே திரு. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். பிறநாட்டுப் பிரசையாகிறவன் இலங்கைப் பிரசாவுரிமையை இழப்பான் என்று விதிப்பதும் அதே சட்டந்தான். உயிருக்கு அஞ்சி ஓடியவன் அடைக்கலம் தந்த நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்றான். பெற்றவுடனே பிறந்த நாடு அவன் பெயரைத் துடைத்தது. இன்று இறைவரித் திணைக்களம், “நீ பிரசையல்லன், ஆகையால் கழிவில்லை” என்கிறது. துரத்தியவர்களே துரத்தப்பட்டவனிடம் தண்டம் வாங்குவதற்கு ஒப்பாகும் இது.

சட்டத்தில் தமிழர் என்ற சொல்லே இல்லையே, சிங்களவருக்கும் இதே விதிதானே என்று கொழும்பார் சொல்லக்கூடும். உண்மைதான். ஆயினும் தாமாக விரும்பிச் சென்றவருக்கும் வீடு எரிந்தபின் சென்றவருக்கும் வேறுபாடு உண்டு. இரட்டைப் பிரசாவுரிமை எடுக்கலாமே என்பாரும் உளர். 2011 இல் அக்கதவை இழுத்து மூடியவர்களும், 2015 இல் மீண்டும் திறந்தவர்களும் இதே ஆட்சியாளர்கள்தாம். திறந்து மூடும் கதவை உரிமை என்று எவரும் சொல்லார்.

இன்னொரு வாதம் சற்றுக் கூர்மையானது. இலங்கைக்கும் கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளுக்குமிடையே இரட்டை வரி தவிர்க்கும் உடன்படிக்கைகள் உள்ளன. இங்கு செலுத்திய வரியை அங்கு கழித்துக்கொள்ளலாம். ஆகவே நட்டமில்லை என்பர். நல்ல சம்பளக்காரருக்கு இது பொருந்தும். ஆனால் அங்கே செலுத்த வேண்டிய வரி இருந்தாற்றானே அதிலிருந்து கழிக்க முடியும்? சிறு ஓய்வூதியத்தில் காலங்கழிக்கும் முதியவருக்கு அங்கு வரியே இராது. கழிக்க இடமின்றி முழுச் சுமையும் அவர் தலையிலேயே விழும்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோரின் வீடுகளைப் படையினர் ஆண்டாண்டு காலமாக ஆண்டனரே, அச்சொந்தக்காரரிற் பலர் வாடகையாக ஒரு சதமும் காணவில்லையே, அக்கணக்கை எந்தத் திணைக்களம் மதிப்பிட்டது? அந்நிலங்களில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை.

இவ்வளவு சொன்ன நாம், எம்மவர் வரியை ஒளிப்பதை ஆதரிக்கவில்லை. வாடகையை மகனின் இலண்டன் வங்கிக் கணக்கிற் போடச் செய்வதும், பற்றுச்சீட்டின்றிக் கைக்குக் கை வாங்குவதும், அற்றோணி பெற்ற உறவினரிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாளாவிருப்பதும் இன்று வழக்கமாகிவிட்டன. இது மிடுக்கன்று, மடமை. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்தாண்டு எதிரிடை ஆட்சி காணி உறுதியையே வெல்லக்கூடியது. போர்க்காலத்தில் காணியை நாட முடியாதிருந்தோருக்காக 2016 இல் விசேட சட்டமொன்று வந்தது உண்மை. ஆனால் அது தரும் விலக்கு 2009 மே 18 உடன் முடிகிறது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன! குடியிருப்பவர் வாடகைக்கே வந்தார் என்பதற்கு எழுதிய குத்தகைப் பத்திரமும், பற்றுச்சீட்டும், வரி விபரத்திரட்டுமே சாட்சி. வன்னியில் வயலைக் குத்தகைக்கு விட்டுப் புறநாடு சென்றவருக்கும் இது பொருந்தும். அவ்வயலை உழும் கமக்காரரும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். அவர் செலுத்திய குத்தகைக்கு வேறு அத்தாட்சி ஏது?

தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்பது சிறிய காரியம். வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் முழங்குவதோடு நில்லாது, இறைவரிச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்கு ஒரு திருத்தம் கொண்டு வாருங்கள். “இலங்கைப் பிரசை” என்னுமிடத்தில் “அல்லது இலங்கைப் பிரசையாயிருந்தவர்” என்ற சொற்கள் சேர்ந்தாற் போதும். அதை எதிர்த்துக் கையுயர்த்துவோர் எவரெனத் தமிழ் மக்கள் பார்த்துக்கொள்ளட்டும். திருத்தம் வரும்வரை, புறநாட்டிலுள்ள எம்மவர் ஆண்டுதோறும் நவம்பர் 30 ஆந் திகதிக்கு முன் தம் விபரத்திரட்டை அனுப்பி, அதனுடன் தம் ஆட்சேபத்தையும் எழுத்தில் இணைப்பாராக.