எடை போட்டு மிஷின் வாங்குவது

புதுவை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் என் தங்கை மகன் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறான். இப்போது சி.என்.சி. மிஷின் வாங்க வேண்டுமாம். அதற்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகிறான். போன ஞாயிறு லேப்டாப்போடு வந்து, "மாமா, நீங்க ஆபீஸ்ல எத்தனை கொட்டேஷன் பார்த்திருப்பீங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான்.

அமெரிக்காவில் தாமஸ் சாட்டி என்ற பேராசிரியர் 1970களில் உருவாக்கிய முறையாம். துல்லியம், வேகம், விலை, சர்வீஸ் ஆகியவற்றை இரண்டிரண்டாக எடுத்து, எது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும். நான்குக்கு ஆறு ஜோடி. துல்லியம் வேகத்தைப் போல இரண்டு மடங்கு, வேகம் விலையைப் போல இரண்டு மடங்கு என்று சொல்லிவிட்டு, துல்லியமும் விலையும் சமம் என்றால் கணக்கு உங்கள் முரண்பாட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு இது பிடித்தது. எங்கள் காலத்தில் ஒப்பீட்டுப் பட்டியலில் கடைசிக் கட்டம் விலைதான். குறைந்த விலைக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டால் முடிந்தது. அப்படி வாங்கிய ஒரு நகலெடுக்கும் மிஷின், உதிரிப் பாகம் கிடைக்காமல் துணி போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்ததை வருஷக் கணக்கில் பார்த்தவன் நான்.

ஆனால் அவன் போட்ட எடைகளைப் பாருங்கள். துல்லியம் 35, வேகம் 30, விலை 20, சர்வீஸ் 15. வெளிநாட்டு மிஷினுக்கு அதே வரிசையில் பத்துக்கு 9, 9, 5, 2. உள்நாட்டு மிஷினுக்கு 7, 6, 8, 8. கூட்டினால் நூற்றுக்கு 71.5, 70.5. வெளிநாட்டு மிஷின் ஜெயித்துவிட்டது, ஒரே ஒரு மார்க்கில்.

துல்லியத்திலிருந்து 5ஐ எடுத்து சர்வீஸில் போடச் சொன்னேன். 68, 71 என்று வந்தது. பையன் முகம் சுருங்கிவிட்டது.

"இந்த எடையை எப்போ போட்டே?"

"கொட்டேஷன் எல்லாம் வந்தப்புறம்தான் மாமா."

அங்கேதான் தவறு. கம்பெனியை மனசில் வைத்துக்கொண்டு ஸ்பெசிபிகேஷன் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பொய் இருக்காது, ஆனால் ஒரே ஒரு கம்பெனிதான் தேறும். அவர்கள் தெரிந்து செய்தார்கள், இவன் தெரியாமல் செய்திருக்கிறான். எடையை முதலில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் கவரைப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, சர்வீஸில் 2 வாங்கிய மிஷினை வேகத்தின் 9 எப்படிக் காப்பாற்றலாம்? கூட்டல் கணக்கில் காப்பாற்றிவிடுகிறது. 1960களில் பாரிஸில் பெர்னார் ருவா என்பவர் இதற்கு வேறு வழி சொன்னார். அவர் முறையின் பெயர் எலெக்த்ர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்தப் பெயர் கிரேக்கத் துயர நாடகத்துப் பெண்ணைத்தான் நினைவூட்டியது. மனுஷர் அதை முதலெழுத்துச் சுருக்கமாக வைத்திருக்கிறார். பல விஷயங்களில் ஒன்று மேலாக இருந்தாலும், ஒன்றில் படுமோசம் என்றால் அதை மற்றதைவிட மேல் என்று சொல்ல அந்த முறை இடம் தராது. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு முழுக் கணக்கும் வேண்டாம். "இத்தனை நாளில் ஆள் வராவிட்டால் அந்த மிஷின் பட்டியலிலேயே இல்லை" என்று ஒரு கோடு, கூட்டலுக்கு முன்னால் போட்டால் போதும்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. பட்டறையில் இருபது வருஷமாக லேத் ஓட்டுகிற பெரியவரைக் கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஸ்பிண்டில் பேரிங் போச்சுன்னா யார் தம்பி வருவாங்க, எங்கேருந்து வருவாங்க?"

வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆள் புனேயிலிருந்து வர வேண்டுமாம். பையன் லேப்டாப்பை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறதா மாமா என்று கேட்டான்.