தலையெழுத்தைப் படிக்கும் எந்திரமா?

"எல்லாம் அவன் தலையெழுத்து!" என்று பெருமூச்சு விட்ட பாட்டிமாரை நாம் அறிவோம். எழுதியவன் பிரமன், எழுதிய இடம் மண்டையோடு, படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. ஆகவே கேள்வி கேட்காதே, கிடந்தபடி கிட! அந்தப் பேச்சைச் சந்தி சிரிக்க வைத்த இயக்கம் நமது இயக்கம். இப்போது, அந்த எழுத்தைப் படிக்க எந்திரம் வந்துவிட்டது என்கிறார்கள். பத்து வயதுப் பாலகனைப் படுக்கவைத்து மூளையைப் படம் பிடித்தால், பின்னாளில் படிப்பில் தேறுவானா, போதையில் வீழ்வானா, கத்தி தூக்குவானா என்று சொல்லிவிடலாமாம்!

எந்திரத்தின்மீது நமக்குப் பகை கிடையாது, தோழர்களே. எம்.ஆர்.ஐ. எனும் காந்தக் குழல் மூளைக் கட்டியைக் காட்டிக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கட்டி, கண்ணுக்குத் தெரியும் பொருள். குணம் அப்படியா? மூளையின் எந்தப் பகுதியில் இரத்த ஓட்டமும் அதிலுள்ள ஆக்சிஜனும் மாறுகின்றன என்று பார்த்து, அங்கே வேலை நடப்பதாக ஊகிக்கிறார்கள். அதுவும் சில வினாடி தாமதித்துத்தான் தெரியும். தலை அசைந்தால் படம் கலங்கிவிடும். பத்து வயதுப் பிள்ளை அசையாமல் கிடந்ததை எந்தத் தாய் கண்டாள்!

அமெரிக்க சர்க்கார் இதைப் பெரிய அளவில் ஆராய முற்பட்டது. 2016 முதல் 2018 வரை, 21 நிலையங்களில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 11,800 பேரைச் சேர்த்தார்கள். பத்தாண்டு தொடர்ந்து கவனிப்பது திட்டம். நல்ல பணி, பாராட்டுகிறோம். அந்தப் பணி என்ன சொல்லிற்று? 2022இல் ஸ்காட் மாரெக் குழுவினர், இந்தப் பிள்ளைகளின் படங்களையும் மற்றவர் படங்களையும் சேர்த்து, சுமார் 50,000 பேரின் கணக்கை 'நேச்சர்' ஏட்டில் வெளியிட்டனர். அதுவரை இத்துறையில் வந்த ஆராய்ச்சிகளில் ஆள் எண்ணிக்கை எவ்வளவு? இருபத்தைந்து பேர் என்பதே நடுத்தர அளவு! ஒரு பஸ்ஸில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

மூளைக்கும் நடத்தைக்கும் முழுப் பொருத்தமானால் 1, பொருத்தமே இல்லையானால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு சோதனையிலும் நிலைத்த தொடர்புகளில் மிகப் பெரியது 0.16. பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் நூற்றில் மூன்று பங்கைக்கூட அது விளக்காது. மீதி தொண்ணூற்றேழு பற்றி அது வாய் திறக்காது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தொடர்பே நம்பும்படி தெரிகிறது. ஆலையில் ஆயிரம் பேரை அளந்து சராசரி உயரம் காணலாம். அதை வைத்துக்கொண்டு, நாளைக்கு வேலை கேட்டு வாசலில் வந்து நிற்கப்போகும் கந்தனுக்கு இன்றைக்கே சட்டை தைக்க முடியுமா?

செத்த மீன் கதையும் உண்டு. 2009இல் கிரெய்க் பென்னட் எனும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் தோழர்களும், செத்த சால்மன் மீன் ஒன்றைக் குழலுக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர்கள் மனநிலை என்ன?" என்று கேட்டார்கள். கணக்கைச் சரிவரத் திருத்தாமல் பார்த்தபோது, மீனின் மூளையில் ஒளி தெரிந்தது! கணக்கில் எச்சரிக்கை வேண்டும் என்று சக ஆராய்ச்சியாளர்களுக்கு உணர்த்தவே அந்த வேடிக்கை. தவற்றை விஞ்ஞானமே சுட்டிக்காட்டுகிறது. எந்த ஜோதிடர் தன் பஞ்சாங்கத்தை இப்படிச் சோதித்தார்?

பாட்டாளித் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். 2015இல் கிம்பர்லி நோபிள் குழுவினர், மூன்று முதல் இருபது வயதுவரை 1,099 பேரை ஆராய்ந்தனர். குடும்ப வருமானத்துக்கும் மூளைப் புறணியின் பரப்புக்கும் தொடர்பு தெரிந்தது. பரம ஏழைகளிடையே வருமானத்தில் சிறு வேறுபாடு இருந்தாலே, பரப்பில் பெரிய வேறுபாடு! காரணம் இன்னதென்று அது அறுதியிடவில்லை. ஆனாலும் நாம் கேட்கிறோம்: படத்தில் தெரிவது பையனின் குணமா, அப்பனின் கூலியா? கூலியைக் குறைத்துக் கொடுத்தவனைப் படம் பிடிக்கும் குழல் எங்கே இருக்கிறது?

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக் குற்றவியல் அறிஞர் ஏட்ரியன் ரெயின், 2013இல் வெளியிட்ட நூலில் 2034ஆம் ஆண்டைக் கற்பனை செய்கிறார். பதினெட்டு வயதான ஆண்கள் எல்லோருக்கும் மூளைப் படம், மரபணுச் சோதனை. ஆபத்தானவன் என்று முடிவானால் குற்றம் செய்யாமலே காவல்! விவாதத்துக்காக வரைந்த கற்பனைதான். ஆனால் அத்திட்டத்துக்கு அவர் இட்ட பெயரைப் பாருங்கள்: 'லோம்ப்ரோசோ'. 1876இல், குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, முகமும் மண்டையும் காட்டிக் கொடுக்கும் என்று எழுதிய இத்தாலிய டாக்டரின் பெயர்!

பிறப்பிலேயே குற்றவாளி! இந்தச் சொல் நமக்குப் புதிதா? வெள்ளையன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத் தலைவர் தர்ஸ்டன், சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்து 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. சென்னையில் அச்சட்டம் ஒழிந்தது 1947இல். எந்தப் படமும் எடுக்காமலே, தொட்டிலில் கிடந்த குழந்தைக்குத் தீர்ப்பு எழுதிய சட்டம் அது.

மூளை ஆராய்ச்சிக்கு நல்ல பயனும் உண்டு. 2005இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பதினெட்டு வயதுக்குட்பட்டபோது செய்த குற்றத்துக்குத் தூக்கு கூடாது என்றது. பருவக் கோளாறு எது, திருத்த முடியாத கேடு எது என்று பிரித்தறிவது நிபுணர்களுக்கே கடினம் என்றும் சொல்லிற்று. 2010இல், கொலையல்லாத குற்றத்துக்கு அவ்வயதினரை விடுதலைக்கே வழியின்றி ஆயுள் முழுதும் அடைக்கக் கூடாது என்றபோது, மூளை விஞ்ஞானத்தையும் துணைக்கு அழைத்தது. இளம் பருவம் முழுவதையும் பற்றிய பேச்சு அது. ஒருவனுக்குக் குறி சொன்னதல்ல.

இங்கே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு முதல் பதினெட்டு வயதினரின் மனவளர்ச்சியை வாரியம் மதிப்பிட்டு, பெரியவர்போல் விசாரிக்க அனுப்பலாம். மதிப்பிட மனநல நிபுணரின் உதவியும் பெறலாம். வளர்ந்தவரையே கட்டாயப்படுத்தி மூளைச் சோதனை செய்யக்கூடாதென்று நம் உச்சநீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்துவிட்டது. பிள்ளைகள் விஷயத்தில் சர்க்கார் இப்போதே விதிகளில் ஒரு வரி சேர்க்கட்டும்: பையன் நாளை என்ன ஆவான் என்பதற்கு அவனுடைய மூளைப் படம் சாட்சியாக ஏற்கப்படாது. அந்த ஒரு வரியைத்தான் நாம் கேட்கிறோம்.