செருமனி கேட்கிறது, நாம் ஏன் கேட்கவில்லை?

இலாசுப்பேட்டையிலிருந்து செருமனிக்குச் செவிலியராகச் செல்ல விரும்பும் நம் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். நான்காண்டு கற்றுப் பட்டம் பெற்றிருப்பாள். செவிலியர் மன்றத்திலும் பதிந்திருப்பாள். ஆயினும், செருமானிய மொழியில் 'பி-2' நிலைத் தேர்ச்சி இல்லையேல் அந்நாடு அவளுக்கு முழு உரிமம் வழங்காது. அவள் கற்ற கல்வியில் குறை கண்டால், இணக்கப் பயிற்சி பெறல் வேண்டும். அன்றேல் அறிவுத்தேர்வில் வெல்லல் வேண்டும்.

ஏன் இத்துணைக் கண்டிப்பு? முதியவர் ஒருவர் 'நெஞ்சை அடைக்கிறது' என்று முனகினால், செவிலிக்கு அந்நொடியே விளங்க வேண்டும். மருந்தளவில் ஒரு சொல் பிறழ்ந்தால் உயிர் போகும். செருமானியர் தம் மக்களின் உயிரையும் மொழியையும் ஒருங்கே காக்கின்றனர். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

நாமோ? தமிழை அலுவல்மொழியாக்கி 1965-இலேயே சட்டம் செய்த புதுவை இது. இங்கே, இலாசுப்பேட்டையை அடுத்த கோரிமேட்டில், நடுவணரசின் சிப்மர் மருத்துவமனை அலுவல்களில் இந்தியைப் புகுத்த 2022-இல் சுற்றறிக்கை விட்டனர்! தமிழுணர்வாளர் தெருவிலிறங்கிப் போராடினர். அங்கே வரும் உழவரும் மீனவரும் தம் நோவை எம்மொழியில் சொல்வர்?

பிழைப்புக்காக அயல்நாடு செல்லும் மகளிரை நாம் பழிக்கவில்லை. வேற்றுமாநிலச் செவிலியரை வெறுக்கவுமில்லை. செருமனி கேட்பதையே நாமும் கேட்கிறோம்: தமிழ்மண்ணில் பணியேற்கும் செவிலியர் யாராயினும் தமிழ்த்தேர்வில் வெல்லட்டும்!

அயலார் நோய் தீர்க்க, நம் பெண் திங்கட்கணக்கில் கண்விழித்துச் செருமானியம் கற்கிறாள். நம் நோயாளிக்காகத் தமிழ் கற்பதில் பிறர்க்கென்ன தடை?

தமிழரே, கேளுங்கள்! கேளாத உரிமை கிட்டாது!