களத்துக்கு வெளியேயும் ஒரு அண்ணன் வேண்டும்

கபடியில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவன் தானாக எழுந்து உள்ளே வர முடியாது. களத்தில் இருக்கிற கூட்டாளி எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டு வர வேண்டும், அல்லது பாடி வந்தவனை மடக்க வேண்டும். அப்போதுதான் இவன் எழலாம். இந்த விதி கோட்டுக்கு உள்ளே மட்டும்தான் செல்லும் என்பதை இருபது வயதில் தெரிந்துகொண்டேன்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை மிதித்துக் கள்ளிக்குப்பம் வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பயிற்சி. எங்கள் செட்டில் கவர் ஆடிய அண்ணன் ஒருவர் இருந்தார். அவரோடு மாவட்ட அணிக்காக வெளியூர் போனோம். மூன்று நாள் போட்டி. பேட்டா உண்டு என்றார்கள். கிளம்புகிற அன்று தொகை எழுதாத தாள் ஒன்றை நீட்டி, வரிசையாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கையில் வந்தது பஸ் செலவுக்கே சரியாக இருந்தது. அண்ணன் மட்டும், “தொகைய எழுதுங்க சார், போடறேன்” என்றார்.

அடுத்த வருடத் தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குக் காட்ட வேண்டிய சான்றிதழும் அதோடு போயிற்று. மற்ற பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம், வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

மூத்த வீரர்கள் இளையவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்று பரிசளிப்பு மேடைதோறும் பேசுகிறார்கள். குரல் கொடுத்தவன் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எப்படி எரியும் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

களத்துக்குள் அண்ணன்களுக்குக் குறைவில்லை. தஞ்சை மண்ணிலிருந்து போன தர்மராஜ் சேரலாதனை புரோ கபடியில் வடநாட்டுப் பையன்களும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டி ஆடினார். 2016இல் பாட்னா அணியின் கேப்டனாகக் கோப்பையும் வாங்கினார். யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது காலைப் பிடிக்க வேண்டும் என்று அவர் சொன்னால் அணி கேட்டது. ஆனால் யாரைத் தேர்வு செய்வது, பணம் எங்கே போகிறது என்று முடிவாகும் அறையில் அப்படி ஓர் அண்ணனுக்கு நாற்காலி கிடையாது.

அந்த நாற்காலி இல்லாததால் கபடிக்காரர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. முன்னாள் வீரர் மகிபால் சிங் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தேசியக் கபடிச் சம்மேளனத் தலைவரின் தேர்வையே ரத்து செய்தது. அணித் தேர்வு சரியில்லை என்ற புகாரும் இருந்ததால், ஆசிய விளையாட்டு முடிந்ததும் அதில் ஆடிய அணியும் விடுபட்டவர்களும் மோத வேண்டும் என்று உத்தரவிட்டது. செப்டம்பர் 15 அன்று விடுபட்டவர்கள் வந்து நின்றார்கள். ஜகார்த்தா போய் வந்த அணி வரவில்லை. 1990 முதல் ஆசிய விளையாட்டில் ஏழு முறை தொடர்ந்து தங்கம் வென்ற நம் ஆண்கள் அணி, முதன்முறையாக வெண்கலத்தோடு திரும்பியதும் அந்த ஆண்டுதான்.

நிர்வாகக் குழப்பம் அதோடு தீரவில்லை. சர்வதேசக் கூட்டமைப்பு இந்தியாவின் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்திருந்ததால், ஆசியச் சாம்பியன்ஷிப்புக்குப் போக வழியில்லாமல் பிரியங்கா, பூஜா என்ற இரண்டு வீராங்கனைகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். சம்மேளனத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஒப்படைக்கும்படி 2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. மார்ச்சில் டெஹ்ரானில் இந்தியப் பெண்கள் ஈரானை அதன் மண்ணிலேயே வென்று கோப்பையோடு வந்தார்கள். இருவர் கேட்டதால் ஒரு நாட்டின் அணியே எழுந்து உள்ளே வந்தது. ஆனால் ஆடுகிறவர்கள் வக்கீல் தேடி அலைந்தால்தான் ஆட முடியும் என்பது என்ன ஏற்பாடு?

அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் இதற்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. தேசிய சம்மேளனங்களின் செயற்குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது. அதில் குறைந்தது 2 சிறந்த விளையாட்டு வீரர்கள், 4 பெண்கள் இருக்க வேண்டும். வீரர்கள் குழு ஒன்று வேண்டும். வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்கிறது. வரவேற்கிறேன். ஆனால் நாற்காலியில் ஒரு வீரரை உட்கார வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

பி.டி. உஷா ஓடியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு அவர் தலைவரானபோது சந்தோஷப்பட்டேன். 2023 ஏப்ரலில் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகாரோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது, அது ஒழுங்கீனம் என்றார் அவர். எதிர்ப்பு கிளம்பியபின் மே 3 அன்று நேரில் போய்ப் பார்த்தார். அந்த டிசம்பரில், அங்கே உட்கார்ந்தவர்களில் ஒருவரான சாக்ஷி மாலிக் தன் ஷூவை மேஜைமேல் வைத்துவிட்டு விளையாட்டை விட்டே போனார். வீரராக இருந்தவர் என்பதாலேயே ஒருவர் வீரர் பக்கம் நின்றுவிட மாட்டார். யார் அவரை உட்கார வைத்தார்களோ அவர்களைத்தான் அவர் கண் தேடும்.

அதனால் என் கோரிக்கை மூன்று. வீரர்களின் பிரதிநிதியை, இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களே ரகசிய ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாற்காலி டெல்லியோடு நிற்காமல் மாவட்டச் சங்கம் வரை வர வேண்டும். பேட்டா திருட்டு நடப்பது அங்கேதான். புகார் சொன்னவரை அடுத்த தேர்வில் விட்டால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

வீரர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்பார்கள். ஒரு ரெய்டுக்கு முப்பது விநாடி. அதற்குள் ஏழு பேரின் காலையும் கண்ணையும் எடைபோட்டு முடிவெடுக்கிறவனுக்கு மூன்று நாள் பேட்டா கணக்கா புரியாது?

அந்த அண்ணன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வந்து, கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்வார். அவரை எழுப்ப வேண்டிய புள்ளியை நாங்கள் எடுக்கவே இல்லை.

இன்று ஆடுகிற பிள்ளைகளிடம் ஒன்றுதான் கேட்கிறேன். தொகை எழுதாத தாளை யாராவது நீட்டினால், உங்களில் ஒருவர் போட மறுக்கலாம். அப்போது மற்ற பதினோரு பேரும் பேனாவைக் கீழே வையுங்கள்.