கணக்கைக் கேட்பது அவமதிப்பு அன்று

அறிவியல் கழகங்களின் ஆண்டுப் பொதுக்குழுவில் மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்படுவது எதற்கு என்று கேட்டால், அக்கூட்டங்களுக்குச் சென்று பழகிய எவரும் தயங்காமல் சொல்வர்: பொருளாளர் அறிக்கைக்கு. மாநாட்டின் இரண்டாம் நாள் மாலை, தேநீருக்கும் கலைநிகழ்ச்சிக்கும் இடையே பொதுக்குழு கூடும். பொருளாளர் மூன்று பக்க அறிக்கையின் கடைசி வரியை வாசிப்பார். ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், கைதட்டலோடு கணக்கு நிறைவேறும். காலையில் ஓர் ஆய்வு மாணவரிடம் மாதிரிகளின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு என்று விடாமல் வினவிய அதே அவை, தன் சந்தாப் பணம் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

இதனை நாம் நம்பிக்கை என்று சொல்லிக்கொள்கிறோம். தில்லியில் பதிவுபெற்ற ஒரு துறைசார் கழகத்துக்கு மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பொருளாளராகப் பணியாற்றிய எனக்கு, அதற்கு அக்கறையின்மை என்ற பெயரே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பொருளாளரின் பணி என்னவென்று பெரும்பாலான உறுப்பினர்க்குத் தெரியாது. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, ஆட்சிக்குழு உறுப்பினர் பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் அளிக்கவேண்டும். முன்பெல்லாம் ஒருமுறை பெற்றால் நிலைத்திருந்த வருமானவரி விலக்குப் பதிவு, 2021 ஏப்ரல் முதல் காலவரையறைக்கு உட்பட்டதாயிற்று. புதுப்பிக்கத் தவறினால் விலக்கே பறிபோகும். அவ்விலக்கைப் பெற்ற கழகம் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டைத் தன் நோக்கங்களுக்குச் செலவிடவேண்டும். அதற்குமேல் சேமிக்க விரும்பினால் காரணமும் காலமும் குறித்து உரிய படிவம் அளிக்கவேண்டும். மாநாடு நடக்கும் ஆண்டில் பதிவுக்கட்டணங்கள் சேர்ந்து மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டுமானால் ஜிஎஸ்டி வாசலில் வந்து நிற்கும். வெளிநாட்டுக் கழகம் ஒன்று மாணவர் பயணத்துக்கென 500 டாலர் தர முன்வந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன்னனுமதியோ இன்றிப் பெற இயலாது. 2020 திருத்தத்துக்குப்பின் அப்பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கின் வழியாகத்தான் வந்தாகவேண்டும்.

இவற்றையெல்லாம் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பியபின், இரவில், ஒருவர் செய்கிறார். அவருக்கு இதில் பயிற்சி இல்லை. இந்தியக் கணிதவியல் கழகத்தின் தொடக்கக் காலத்தில் அதன் பொருளாளராக இருந்த எஸ். நாராயண ஐயர், சென்னைத் துறைமுகத்தின் தலைமைக் கணக்கர். 1912இல் ராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்தது அவருடைய அலுவலகத்தில்தான். கணிதத்தில் ஈடுபாடும் கணக்கில் தொழில்முறைத் தேர்ச்சியும் ஒருவரிடமே வாய்த்த அந்நிலை எல்லாக் கழகத்துக்கும் கிட்டுவதன்று. இன்று செயற்குழுவில் யார் மறுத்துப் பேசவில்லையோ அவரே பொருளாளர்.

உறுப்பினர்கள் கேட்கவேண்டிய முதற்கேள்வி ஆயுள் உறுப்பினர் தொகையைப் பற்றியது. ஒருவர் 3,000 ரூபாய் ஆயுள் சந்தா செலுத்துகிறார் என்று கொள்வோம். அதனை வைப்புநிதியில் இட்டு 7 விழுக்காடு வட்டி பெற்றால் ஆண்டுக்கு 210 ரூபாய். அவருக்கு இதழை அச்சிட்டு அஞ்சலில் அனுப்ப அதுவே இழுபறி. அம்முதலையும் வந்த ஆண்டிலேயே மாநாட்டுச் செலவில் கரைத்துவிட்டால், முப்பது ஆண்டுக் கடமைக்கு மிஞ்சுவது வெறும் உறுப்பினர் பட்டியல். அறிக்கையில் அந்த ஆண்டு உபரி தெரியும், அவை கைதட்டும். அந்த உபரி, வருங்கால உறுப்பினர்மீது ஏற்றிய கடன் என்பதைச் சொல்ல எவரும் எழுவதில்லை.

இரண்டாவது கேள்வி மாநாட்டுக் கணக்கைப் பற்றியது. மாநாட்டை ஏற்று நடத்தும் துறை, உள்ளூர்க் குழுவின் பெயரில் தனிக்கணக்கு வைத்துக்கொள்கிறது. கழகம் முன்பணம் தருகிறது. மாநாடு முடிந்ததும் எஞ்சிய தொகையும் ரசீதுகளும் எப்போது திரும்பும் என்பது அமைப்பாளரின் நற்குணத்தைப் பொறுத்தது. மூத்த பேராசிரியர் ஒருவரிடம், உணவுச் செலவுக்குரிய ரசீது எங்கே என்று கேட்கும் துணிவு ஓர் இளம் பொருளாளருக்கு எங்கிருந்து வரும்? அடுத்த நேர்காணல் குழுவில் அவரே அமர்ந்திருக்கக்கூடும். இங்கே பொருளாளருக்குத் துணைநிற்க வேண்டியது பொதுக்குழு. அது மௌனமாக இருந்தால், ரசீது கேட்பது ஒருவருடைய தனிப்பட்ட பகையாக மாறிவிடுகிறது.

இதன் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். பயண உதவி அறிவிக்கப்பட்ட மாணவர், தொடர்வண்டிக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து செலுத்தி வருகிறார். அவருடைய உதவித்தொகையே மாதக்கணக்கில் தாமதமாக வருவது. கழகத்தில் நிர்வாகிகள் மாறியிருப்பர். புதிய கையொப்பங்களை வங்கி ஏற்கத் தீர்மான நகலும் அடையாள ஆவணங்களும் வேண்டும். தலைவர் ஒரு நகரில், செயலர் மற்றொரு நகரில். அதுவரை அம்மாணவர் காத்திருக்கிறார், அல்லது கடன் வாங்குகிறார். கணக்கு ஒழுங்காக இல்லாத கழகத்தில் முதலில் நிறுத்திவைக்கப்படுவது, குரல் எழுப்ப முடியாதவருக்குரிய தொகையே.

"தொண்டு செய்பவரைக் கேள்வி கேட்பதா?" என்று சிலர் வருந்துவர். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. கேள்வி கேட்கப்பட்ட ஆண்டில்தான் நான் நிம்மதியாக உறங்கினேன். கேட்டு, விடைபெற்று, குறிப்பேட்டில் பதிந்த கணக்கு பின்னாளில் பொருளாளருக்குக் கவசம். கேளாமல் நிறைவேறிய கணக்கு, ஐந்தாண்டு கழித்து யாரோ ஐயம் கிளப்பும்போது அவர் ஒருவர் கழுத்தை மட்டுமே சுற்றும். 1914இல் தொடங்கிய இந்திய அறிவியல் மாநாட்டுச் சங்கத்துக்கான ஆதரவை அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023இல் விலக்கிக்கொண்டது. அது கூறிய காரணங்களுள் நிதி முறைகேடும் ஒன்று. சங்கம் அதனை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். 2024 ஜனவரியில் கூடவேண்டிய மாநாடு கூடவில்லை. நூற்றாண்டு கடந்த அமைப்பும் பணத்தைப் பற்றிய ஐயம் எழுந்தால் எவ்வளவு விரைவில் நிலைகுலையும் என்பதற்கு இதுவே போதும்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொதுக்குழுவுக்கு இருவாரம் முன்னரே மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆயுள் சந்தாவைத் தொடக்கூடாத முதலாகத் தனியே காட்டலாம். மாநாட்டுக் கணக்கை 90 நாளில் முடிக்காத அமைப்பாளரின் பெயரை அறிக்கையில் குறிப்பிடலாம். இணைப் பொருளாளர் ஒருவரை ஓராண்டு உடனிருந்து கற்கச்செய்து, பிறகு பொறுப்பை ஒப்படைக்கலாம். படிவங்களை நிரப்பும் வேலைக்கு ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்தலாம். மாநாட்டு நினைவுப் பைகளின் செலவில் ஒரு பகுதி அதற்குப் போதும். பல்கலைக்கழகங்கள் தம் பங்குக்கு, பதவி உயர்வு மதிப்பீட்டில் இப்பணியை இதழ் ஆசிரியப் பணிக்கு நிகராக எண்ணவேண்டும்.

இவை நடக்கும்வரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் பொருளாளர் தாளை மடிக்குமுன் கையை உயர்த்துங்கள். ஆயுள் சந்தா முதல் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது, மாணவர்களுக்கு இன்னும் தரவேண்டியது எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். மேடையில் நிற்பவர் முகம் சுளிக்கமாட்டார். அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கக்கூடும்.